ஸ்டோர்க்காரரின் நாற்பத்தொரு சாவிகள்

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து காரை விட்டு இறங்கி வருவது அடுப்படியிலேயே தெரிந்துவிடும். இடுப்பில் நாற்பத்தொரு சாவி. எல்லாவற்றையும் ஓர் இரும்பு வளையத்தில் கோத்து, பெல்ட்டில் கொக்கி போட்டு மாட்டியிருப்பார். அந்தக் கனத்தில் பேன்ட் இடது பக்கம் நான்கு விரல் இறங்கி நிற்கும். அதைச் சமாளிக்க உடம்பை வலது பக்கம் சாய்த்து நடந்து நடந்து, எடுத்த போட்டோவில் எல்லாம் யாரோ ரகசியம் சொல்லக் காது கொடுப்பவர் மாதிரியே நிற்கிறார். கல்யாணப் போட்டோவில் மட்டும் நேராக இருக்கிறார். அப்போது வேலை கிடைக்கவில்லை.

பிளாஸ்டிக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். முப்பத்திரண்டு வருடம். பேரிங், பெல்ட், போல்ட், பெயின்ட், கையுறை என்று அங்கே யாருக்கு என்ன தேவைப்பட்டாலும் இவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவ்வளவு லேசில் கொடுக்கவும் மாட்டார். "சீட்டு எழுதிட்டு வா. சூப்பர்வைசர் கையெழுத்து ஒண்ணு, ஃபோர்மேன் கையெழுத்து ஒண்ணு" என்று திருப்பி அனுப்புவார். ஒரு ஜோடி கையுறைக்கும் இதே கதைதான். அதனால் அங்கே அவருக்கு 'ரெண்டு கையெழுத்து' என்றே பெயர். அவ்வளவு கறாரான மனுஷன் என்று பிறந்த வீட்டில் நானே பீற்றிக்கொண்டதுண்டு. சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்கிறதென்று இன்று வரை தெரியாதவர், ஆயிரம் சாமான் இருக்கிற ஸ்டோரைக் கட்டி ஆள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஆச்சரியப்பட்ட நேரத்தில் கொஞ்சம் சந்தேகமும் பட்டிருக்கலாம்.

போன மாதம் ஓய்வுக் கடிதம் வந்தது. கடைசி நாள் பதினொரு மணிக்கு ஒப்படைப்பு, பன்னிரண்டு மணிக்குக் குடும்பத்தோடு வந்து டீ குடிக்க வேண்டும். பழைய மேனேஜராக இருந்திருந்தால் கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தோளில் தட்டி அனுப்பியிருப்பார். புது மேனேஜர் சட்டம் பேசுகிறவர். ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு பூட்டையும் இவர் எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும், அடுத்து வருகிறவரும் அதே சாவியால் திறந்து காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து என்று சுற்றறிக்கை போட்டுவிட்டார்.

அடுத்து வருகிறவர் பாக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டியல் மேடம் என்று கூப்பிடுவார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் லேபிள் ஒட்டிவிடுவாளாம். டீ டம்ளருக்கு அடியில்கூட எண் ஒட்டியிருக்கிறாள் என்று இவர் ஒரு நாள் சொன்னார். சொன்னபோது குரலில் லேசாக நடுக்கம் இருந்தது.

அந்த ஒரு மாதமும் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை விட்டுப் பிரிகிற துக்கம் என்று நான் நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, சாவிகளுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, அழகா இருக்கட்டுமேன்னுதான்" என்றார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி சாவிகளுக்கு அலங்காரம் செய்கிறாரே என்று நான் உருகிப்போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஆறே காலுக்கே கிளம்பினார். பதினொரு மணிக்கு நடக்கப்போகிற ஒப்படைப்புக்கு இது என்ன வேகம் என்று நான் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்க்கிறேன், வாசலில் கார் அப்படியே நிற்கிறது. இவர் உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?"

"சாவி திரும்ப மாட்டேங்குது."

"சரியாத் திருப்புங்க."

"இருபது வருஷமா ஓட்டுறேன். எனக்குச் சாவி திருப்பத் தெரியாதா?"

"வெளிய எடுத்துட்டு மறுபடி போட்டுப் பாருங்க."

"வெளியேயும் வர மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். இக்னிஷனில் சாவி இறுகி நின்றது. அதன் கீழே மற்ற நாற்பதும் தொங்கின. வண்டிச் சாவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! தனியாக இருந்தால் தொலைந்துபோகுமாம். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழற்றவும் வழியில்லை. வளையத்தின் வாயைத் தொழிற்சாலையில் வெல்டிங் வைத்து மூடியிருந்தார். புதுச் சாவி சேரும்போது மட்டும் அறுத்து, சேர்த்து, மறுபடி பற்றவைப்பார். பக்கத்து சீட்டில் என் தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டி கிடந்தது. முழுப் புட்டியையும் இக்னிஷனுக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்த வண்டி எங்கே நின்றாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"சார், இது ஸ்டீரிங் லாக். நீங்க வண்டியை நிறுத்திட்டு இறங்குறப்ப ஸ்டீரிங்கைப் பிடிச்சு இழுத்துத்தானே எந்திரிக்கிறீங்க? நான் தினம் பார்க்கிறேன். அப்ப சக்கரம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நின்னுடும், அந்த இறுக்கம் பூட்டு மேல விழும். ஒரு கையால ஸ்டீரிங்கை லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே, இன்னொரு கையால சாவியை மெதுவாத் திருப்புங்க. முரட்டுத்தனம் கூடாது."

இவர் ஆட்டினார். ஆட்டிய ஆட்டத்தில் கார் முழுவதும் குலுங்கியது. சாவி அசையவில்லை.

"பேட்டரி போயிருக்குமோ?" என்றேன் நான், என் பங்குக்கு.

"பேட்டரி செத்தாலும் சாவி திரும்பும்மா" என்று அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அவரே உட்கார்ந்து ஆட்டினார், தட்டினார், ஊதினார். கடைசியில் "பூட்டுக்காரரைக் கூப்பிட்டுடலாம், என் பழக்கம்தான்" என்று போனை எடுத்தார்.

இந்த இடத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். வண்டி கிளம்பாவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். இவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதி படர்ந்தது. எழுந்து போய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தார், பட்டியல் மேடத்துக்குப் போன் போட்டார்.

"என்னம்மா பண்றது, சாவிக்கொத்து வண்டியிலயே மாட்டிக்கிச்சு. எடுக்க ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும்போல. ஒப்படைப்பைத் தள்ளி வைக்க முடியுமான்னு மேனேஜர்கிட்ட நீயே பக்குவமா..."

எதிர்முனையில் ஏதோ சொன்னாள். இவர் முகம் சுருங்கியது.

"என்ன சொன்னா?"

"நானே வர்றேன் சார்ங்கிறா."

பூட்டுக்காரர் முதலில் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் ஒரு பை. சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இக்னிஷனுக்குள் பார்த்தார். டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெய் ஊத்தினது யாரு?"

எதிர்வீட்டு அண்ணன் வானத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்னைப் பார்த்தா? புட்டிதான் என்னுது" என்றேன்.

"பூட்டுக்கு எண்ணெய் ஆகாது சார். தூசியெல்லாம் இழுத்து வச்சு உள்ள சேறாக்கிடும். ரொம்ப இறுகினா பென்சில் தூள் போடணும், அவ்வளவுதான்." கொத்தைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "இது என்ன சார், தினமும் இதைத் தொங்கவிட்டுக்கிட்டா ஓட்டுறீங்க? உள்ள இருக்கிற தகடெல்லாம் என்னத்துக்கு ஆகும்? வண்டிக்கு ஒத்தைச் சாவிதான் போடணும்."

இருபது வருடம் நான் சொன்னது. அவர் சொன்னதும்தான் இவர் தலையாட்டினார்.

பூட்டுக்காரர் தரையில் மண்டி போட்டு வேலையை ஆரம்பித்தபோது பட்டியல் மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு நோட்டு, லேபிள் கட்டு, இரண்டு பேனா. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அவர் எடுக்கிறவரைக்கும் எதுக்கு சார் சும்மா இருக்கணும்? நீங்க ஒவ்வொரு சாவியாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

இவர் முன்சீட்டிலிருந்து எட்டிக் கொத்தைத் தொட்டார். "இது மெயின் கதவு."

"சரி."

"இது பெயின்ட் ரூம்."

"சரி. இது?"

"இதுவும்... பெயின்ட் ரூம்தான்."

"ஒரு ரூமுக்கு ரெண்டு பூட்டா சார்? நான் ஒண்ணுதானே பார்த்தேன்."

"பாதுகாப்புக்கு."

"சரி. அந்த மஞ்சள் டேப் போட்டது?"

"அது பொது."

"பொதுன்னா?"

"பொதுன்னா... பொதுவா இருக்கிறது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்: பொது, ஒன்று. இவர் பிடரியில் வியர்வை ஓடுவதை நான் வெளியில் நின்று பார்த்தேன். ஏதோ இடிக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பூட்டுக்காரர் "வந்துடுச்சு" என்றார். சாவியை ஒரு கோணத்தில் பிடித்து, மெல்லிய கம்பி ஒன்றை மேலே நுழைத்து, அசைத்து அசைத்து உருவிவிட்டார். துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"சார், இது கார் சாவி இல்லை. அலமாரிச் சாவி."

எதிர்வீட்டு அண்ணன் "அப்ப ஸ்டீரிங் லாக் இல்லையா?" என்று வருத்தமாகக் கேட்டார்.

நடந்தது இதுதான். கார் சாவியின் பிளாஸ்டிக் தலை எப்போதோ உடைந்து, வெறும் தகடாகத்தான் இருந்தது. அடையாளத்துக்குச் சிவப்பு டேப். முந்தின நாள் சாயங்காலம் சாவிகளுக்கு வர்ணம் பிரித்தபோது, பழைய டேப்பையெல்லாம் உரித்துவிட்டு, சிவப்பை வேறொன்றுக்குச் சுற்றிவிட்டார். காலையில் பதற்றத்தில் சிவப்பைப் பிடித்து உள்ளே திணித்து, மேலே எண்ணெயும் ஊற்றிவிட்டார். சொந்தக் காரின் சாவி எதுவென்று தெரியாத ஆளை ஸ்டோர் கீப்பராக வைத்து ஒரு தொழிற்சாலை முப்பத்திரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

"அப்ப மத்த சாவி?" என்றேன். எனக்கே என் குரல் பயமாக இருந்தது.

ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு நாலு சாவிதான் தெரியும். தினமும் திறக்கிற நாலு. அது கைக்கே தெரியும்."

"மீதி?"

"மீதி தெரியாது."

"யாராவது சாமான் கேட்டு வந்தா என்ன பண்ணுவீங்க சார்?" என்றாள் பட்டியல் மேடம்.

"சீட்டு எழுதிட்டு வான்னு அனுப்பிடுவேன். ரெண்டு கையெழுத்து வாங்கணும்னா இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஒவ்வொரு சாவியாப் போட்டுப் பார்த்துத் திறந்துடுவேன்."

நான் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். கறாராம் கறார்! இந்தக் கறாரைத்தான் பிறந்த வீட்டில் அத்தனை பேருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வெளுத்து வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொல்லத் தொடங்கினார்.

"சேர்ந்த முதல் வருஷம், எதுக்கும் ஆகாதுன்னு ஒரு சாவியைத் தூக்கிப் போட்டேன். மறுநாளே அதைக் கேட்டாங்க. எல்லார் முன்னாலயும் நிக்கவச்சு அப்ப இருந்த மேனேஜர் பேசின பேச்சு இருக்கே... அன்னையிலிருந்து ஒண்ணையும் போடலை. கதவு மாறும், பூட்டு மாறும், பழைய சாவி அப்படியே இருக்கும். எது எதுன்னு ஒரு கட்டத்துல குழம்பிப்போச்சு. ஸ்டோர் கீப்பரே போய் இது எந்தச் சாவின்னு யார்கிட்ட கேக்கிறது? இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்ப் போட்டுப் பார்த்துடலாம்னுதான் கிளம்பினேன். இப்பப் பதினொரு மணிக்கு, அத்தனை பேர் முன்னாலயும், கடைசி நாள்ல..."

எனக்குத் திட்ட வந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தது இதற்காகத்தான். கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்றுதான் வலித்தது.

பட்டியல் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி எட்டு. ஸ்டோர் ஒன்பதுக்குத்தான் திறக்கும், மேனேஜர் பதினொண்ணுக்குத்தான் வருவார். லேபிள் எங்கிட்ட இருக்கு. கிளம்புங்க சார். அம்மா, நீங்களும் வாங்க."

பூட்டுக்காரர் வளையத்தை வெட்டினார். ஒவ்வொரு சாவியாகப் பார்த்து, பச்சை டேப் சுற்றிய ஒன்றைப் பொறுக்கி இக்னிஷனில் விட்டார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. எதிர்வீட்டு அண்ணன், ஸ்டீரிங்கை லேசாக ஆட்டியதும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஸ்டோருக்குள் போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டோம். ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டியவர்களையெல்லாம் "இன்னைக்கு மூணு கையெழுத்து" என்று இவர் உள்ளிருந்தே விரட்டினார். வாசல் கதவிலிருந்து மூலை அலமாரி வரை மொத்தம் பதினைந்து பூட்டு. வீட்டுச் சாவி இரண்டும் கார் சாவியும் போக முப்பத்தெட்டு சாவி. நான் எடுத்துக் கொடுக்க, இவர் போட்டுப் பார்க்க, அவள் லேபிள் ஒட்டினாள். பத்தரை மணிக்குள் பதினான்கு பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. எதிலும் சேராத இருபத்து நான்கை ஒரு பையில் போட்டு அதன் மேல் 'எதற்கும் ஆகாதவை' என்று எழுதினாள். இவர் முகம் போன போக்கைப் பார்த்து அதை அடித்துவிட்டு 'மற்றவை' என்று மாற்றினாள்.

பதினைந்தாவது, மூலையில் இருந்த இரும்பு அலமாரி. அளவு பார்க்கிற விலையுயர்ந்த கருவிகளும் செம்புக் கம்பியும் அதில்தான் இருந்தன. முப்பத்தெட்டு சாவியையும் அவள் போட்டுப் பார்த்தாள். எதுவும் திரும்பவில்லை.

"சார், இதைத் தினமும் நீங்க திறக்கிறதை நானே பார்த்திருக்கேன். எந்தச் சாவி?"

இவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

"இதைப் பூட்டுறதே இல்லை."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா. பூட்டு கெட்டுப்போச்சு. புதுசு கேட்டா பழைய சாவியை ஒப்படைன்னு சொல்லுவாங்க, அது எதுன்னு தெரியலை. அதனால தினமும் ஏதாவது ஒரு சாவியை விட்டுச் சத்தம் பண்ணிட்டு, கைப்பிடியை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுப் போயிடுவேன்."

"ஒண்ணும் காணாமப் போகலையா?"

"ஒரு ஸ்க்ரூகூடப் போகலை."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். பூட்டுக்காரருக்குப் போன் போட்டோம். இரண்டு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார்.

"சார், இதை மேனேஜர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். எனக்குப் பொய் வராது. சொன்னாலும் முகத்துல தெரிஞ்சுடும்."

"சொல்லிடும்மா" என்றார் இவர். "என்னால உனக்கு முதல் நாளே கெட்ட பேர் வேண்டாம்."

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். பின்னாலேயே ஐம்பது அறுபது பேர் வந்து நின்றார்கள். இவர் ஒவ்வொரு பூட்டாகப் பெயர் சொல்லித் திறந்தார். அவள் அதே சாவியால் திறந்தாள். மேனேஜர் டிக் போட்டார். 'ரெண்டு கையெழுத்து'ன்னா சும்மாவா என்று யாரோ பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது. பதினான்கு முடிந்தது. மூலை அலமாரி முன் போய் நின்றோம்.

இவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

இவர் கையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார், கடகடவென்று சத்தம் பண்ணினார், கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கதவை மூடச் சொன்னார்.

"இப்ப நீங்க திறங்க."

அவள் முகம் வெளிறியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு பூட்டைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்தப் பெண் இப்போது உண்மையைச் சொன்னால் அவள் மேல் எனக்குக் கோபம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆயுசுக்கும் மன்னித்திருக்க மாட்டேன்.

அவள் குனிந்தாள். சாவியை விட்டு இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை முறுக்கினாள். "கொஞ்சம் இறுகலா இருக்கு சார். மதியம் ஆள் வரச் சொல்லியிருக்கேன், புதுப் பூட்டு போட்டுடலாம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மேனேஜர் பதினைந்தாவது டிக்கையும் போட்டு, கீழே கையெழுத்திட்டார். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னால் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

எல்லாரும் டீக்காக வெளியே நகர்ந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தனியாக அலமாரியைச் சாத்தி, சாவியை விட்டு முறுக்கி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பதினோரு வருட அனுபவசாலி எழுப்பியதைவிட, அவள் எழுப்பிய சத்தம்தான் நம்பும்படியாக இருந்தது.